தனபாக்கியம் கைவைத்த வயிறு

மருத்துவச்சி வேலையில் சம்பளம் குறைவு, தூக்கம் அதைவிடக் குறைவு. ஆனால் தோட்டத்தில் எந்த வயிற்றில் என்ன இருக்கிறது என்பது முதலில் நமக்குத்தான் தெரியும் என்ற பெருமை ஒன்று உண்டு. இந்த வேலையில் கால் தேய்ந்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலத்தில், ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் இருந்தபோது, அந்தப் பெருமையிலும் பங்கு கேட்டு ஒருத்தி வந்து சேர்ந்தாள். பெயர் தனபாக்கியம். அவளும் ஒரு மருத்துவச்சியாக இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். அவளோ தோட்டத்துக் கேட்டில் நின்று பெண்களைச் சோதனை போடுகிறவள்.

அரிசி என்று நினைத்தார்கள்

அப்போது நம் ஜனங்கள் குடியிருக்கிற லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற எல்லாரையும் காலையில் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் வேண்டுமே, அதற்குத்தான் தனபாக்கியம். ஜனங்கள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அதைக் கேட்க எனக்குச் சுகமாகவே இருந்தது.

ஒரு நாள் புஷ்பத்தைப் போக விடாமல் நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு ஆறு மாசம், முதல் பிள்ளை. வயிறோ ஒன்பது மாசத்து வயிறு. காவலுக்கு நின்ற மலாய்க்காரர் "பெராஸ்! பெராஸ்!" என்று கத்தினார். அரிசியை வயிற்றில் கட்டிக்கொண்டு போகிறாள் என்று சந்தேகம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அப்படிக் கட்டிக்கொண்டு போய் மாட்டியவர்களும் உண்டு. தனபாக்கியம் தொட்டுப் பார்த்து, பிள்ளைதான் என்று சொல்லிக் காப்பாற்றினாள். அதோடு விட்டாளா? நேராகத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள். "மிஸ்ஸி, தெனம் எத்தனையோ வயிறு தடவுறேன், இது மாதிரி ஒண்ணு பாத்ததில்ல. நீங்க இன்னும் பாக்கலியா லா?"

சிரம்பானில் எடுத்த படம்

பார்த்தேன். வயிறு முழுக்க நீர். தலை இருக்க வேண்டிய இடத்தில் கைக்கு ஒன்றும் கெட்டியாகத் தட்டுப்படவில்லை. புஷ்பத்தையும் அவள் புருஷன் ஆறுமுகத்தையும் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் சொன்னதை, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர்களிடம் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைக்கு மண்டையோடு உருவாகவில்லை. வயிற்றுக்குள் இருக்கிற வரைக்கும் உயிரோடு இருக்கும். பிறந்தால் தங்காது.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் எவ்வளவோ ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். புஷ்பம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். தோட்டத்துக் கேட்டில் இறங்கியதும் தனபாக்கியத்தின் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். செய்தியைச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியவள் நான், அழுகை மட்டும் அவளுக்கா? எனக்கு வயிறு எரிந்தது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். ஆறுமுகம் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னான்: "தப்பா நெனைக்காதீங்க மிஸ்ஸி, உங்க மொகத்தப் பாத்தா அவளுக்கு டாக்டரு ஞாபகம் வருதாம்."

வெளியே போகாதவள்

இனி வேலைக்குப் போக வேண்டாம் என்று புஷ்பத்துக்குச் சொல்லிவிட்டேன். அவளும் போகவில்லை. ஆனால் காலையில் பெண்களோடு வரிசையில் போய் நிற்பாள். தனபாக்கியம் வயிற்றில் கைவைத்துப் பார்ப்பாள். பார்த்ததும் புஷ்பம் கேட்டைத் தாண்டாமல் அப்படியே லயத்துக்குத் திரும்பிவிடுவாள். ஊரே இந்தச் சோதனையிலிருந்து எப்படித் தப்பலாம் என்று பார்க்கிறது. இவள் அதற்கென்று எழுந்து குளித்துவிட்டுப் போகிறாள்! நான் பிள்ளையின் துடிப்புக் கேட்கிற மரக்குழலும் மாத்திரையுமாக வீடு தேடிப் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

பொறுக்க முடியாமல் தனபாக்கியத்தையே கேட்டேன், அப்படி என்னதான் மந்திரம் போடுகிறாய் என்று. ஒன்றுமில்லையாம். பிள்ளை உதைக்கும்போது, "இன்னிக்கு நல்லா ஆடுதுடி" என்பாளாம், அவ்வளவுதான். இது எனக்கு வராதா? மறுநாள் குழலைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னிக்கு நல்லா ஆடுதே" என்றேன். புஷ்பம் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தாள். "தனம் அக்கா சொல்லிக் குடுத்தாங்களா மிஸ்ஸி?"

வளையல்

புஷ்பத்துக்கு ஏழாம் மாசம் தொடங்கியது. தங்காத பிள்ளைக்கு வளைகாப்பு வளையல் போடலாமா, கூடாதா என்று ஆறுமுகம் என்னிடம் வந்து கேட்டான். இதையெல்லாம் பயிற்சியில் சொல்லித்தரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்து, போடலாம் என்று முடிவு கட்டி, ரந்தாவுக்குப் போய்ப் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி வந்து, நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் ஒரு நாள் புஷ்பத்தின் வயிற்றில் குழலை வைத்தால் கலகலவென்று சத்தம். இரண்டு கையிலும் சிவப்பு வளையல். கேட்டிலேயே, வரிசையில் நிற்கும்போதே தனபாக்கியம் போட்டுவிட்டாளாம். நான் வாங்கிய வளையல் அலமாரியிலேயே கிடந்தது. யாரைக் கேட்டுப் போட்டாள் என்று கேட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. புஷ்பம் வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "யாரையும் கேக்கல மிஸ்ஸி. எங்கம்மா பகாவ்லேர்ந்து வரமாட்டேன்னுட்டாங்க. யாராவது போடணும்ல?"

செல்வி

வலி கண்டது ஒரு காலைப் பொழுதில். கேட்டை விட்டு வர தனபாக்கியத்துக்கு அனுமதி இல்லை. இந்த ஒன்றாவது எனக்கு என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம், பொய் சொல்வானேன்.

பெண் பிள்ளை. உயிரோடு பிறந்தாள். மெல்லிய துணியில் தொப்பி மாதிரி செய்து புருவம் வரைக்கும் இறக்கிவிட்டேன். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே கொண்டுபோய்ப் புஷ்பத்தின் மார்பில் போட்டேன். வாய் ஆறுமுகத்தின் வாய். செல்வி என்று பெயர் வைத்தார்கள், கூப்பிட்டார்கள், முத்தம் கொடுத்தார்கள். மத்தியானம் வெட்டின பாலை நிறுக்கிற நேரத்துக்கு முன்னால், அம்மா கையிலேயே அடங்கிவிட்டாள்.

இடுகாடு வேலிக்கு வெளியே. வெள்ளைத் துணியில் சுற்றி ஆறுமுகம் தூக்கிவர, நானும் கூட நடந்தேன். எந்த மூட்டையானாலும் பிரித்துப் பார்க்காமல் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு. தனபாக்கியம் முன்னால் வந்து ஆறுமுகத்தின் கையிலிருந்து வாங்கினாள். பிரிக்கவில்லை. தோளில் சாய்த்துச் சற்று நேரம் நின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். காவல்காரர் கேட்டைத் திறந்தார். இங்கேயும் முந்திக்கொண்டாளே என்று நான் நினைப்பதற்குள், அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தன நாளும் சேலைக்கு மேலதான் தொட்டேன் மிஸ்ஸி. நீங்க உசுரோட கையில வாங்குனீங்க. உங்க மேல எனக்குப் பொறாமையா இருக்கு லா."

என் மேல் ஒருத்தியாவது பொறாமைப்பட மாட்டாளா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். கடைசியில் ஒருத்தி பட்டாள், எனக்குத்தான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.