எட்டு மணி மாத்திரை

விருத்தாசலம் செராமிக் பொம்மைகளில் பாதிக்குக் கண் எழுதியவள் மகேஸ்வரி. மிகைதான், ஆனால் கேட்டால் மறுக்க மாட்டாள். முன்பெல்லாம் அச்சில் களிமண் குழம்பு ஊற்றும் வேலை. ஐப்பசி ஈரத்தில் அச்சுகளில் படியும் பூஞ்சணத்தைத் தேய்த்துத் தேய்த்தே கை காய்த்துப்போனது. அப்புறம் இரண்டு சிறுநீரகமும் கெட்டு, அண்ணன் பூபாலன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தான். "இனிமே பூஞ்சணம் பக்கமே போவக் கூடாதும்மா" என்றார் டாக்டர். அவர் எழுதிய மாத்திரையே ஒரு பூஞ்சணத்திலிருந்து வந்ததுதான் என்று நர்ஸ் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தாள்.

உடம்புக்கு உறவுமுறை தெரியாது. அண்ணனே ஆனாலும் அந்நியன் என்று விரட்டப் பார்க்கும். அந்த வீம்பை அடக்கத்தான் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை. கொடுத்து வைத்தவள் என்றது ஊர். நான்கு வருஷத்தில் அவள் ஒரு வேளையும் தவறவில்லை.

போன வருஷம் கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் லாரி மோதி பூபாலன் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து அவளுக்கு அவன் சிறுநீரகத்தை வைத்த வலது அடிவயிறு கனத்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. செத்தவனின் ஒரு பங்கு மட்டும் சாகாமல் தனக்குள் வேலை செய்கிறதே என்று பயந்தாள்.

வருஷத் திதி வந்தது. காக்கா எடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. கூடப்பிறந்தவனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று மாத்திரையையும் தள்ளிப்போட்டாள். மணி ஒன்றாகியும் மாடிச் சுவரில் வைத்த சோற்றுக்கு ஒரு காக்கை இறங்கவில்லை.

"பூபாலனுக்கு என்ன கொறையோ" என்றாள் பெரியம்மா.

மகேஸ்வரி எழுந்து பூபாலன் மனைவி அம்புஜவல்லியிடம் போனாள்.

"அண்ணி, காலையில மாத்திர போடல."

"அடிப்பாவி! அவர இன்னொரு தடவ சாவடிக்கப் பாத்தியா?"

தண்ணீரும் மாத்திரையும் கொடுத்து விழுங்க வைத்தாள் அம்புஜவல்லி. பிறகு படையல் இலையையே இழுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"காக்கா எதுக்குடி? அவரு உள்ளதான இருக்காரு. சாப்புடு."

வடையும் கத்திரிக்காய்க் குழம்பும் அவனுக்குப் பிடித்தவை. மகேஸ்வரி மென்று விழுங்கினாள். அம்புஜவல்லி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது தினமும் இரண்டு வேளையும் எட்டு மணிக்கு அண்ணியின் போன் வருகிறது.

"சாப்புட்டாரா?"

"சாப்புட்டாரு அண்ணி."

அண்ணி போனை வைத்துவிடுவாள். மகேஸ்வரி எப்படியிருக்கிறாள் என்று அவள் கேட்டு ஆறு மாதம் ஆகிறது.