ஹர்த்தால் நாளில் நடை பழகியவள்

பிள்ளைகளே, ஹர்த்தால் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர் அது ஏதோ பலகாரம் என்று நினைக்கலாம். திருவனந்தபுரத்தில் ஏதாவது ஒரு கட்சிக்குக் கோபம் வந்தால் மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பஸ் ஓடாது, கடை திறக்காது, பள்ளிக்கூடம் கிடையாது. கோபம் யாருக்கு, யார்மேல் என்பதை அடுத்த நாள் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். முன்பு இதற்கு பந்த் என்று பேர். பந்த் நடத்தக் கூடாது என்று கோர்ட் சொன்னது. கட்சிக்காரர்கள் கோர்ட்டுக்கு மரியாதை கொடுத்து, பந்த்தைக் கைவிட்டு ஹர்த்தால் நடத்தினார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் கடை முதலாளியிடம் கேட்டேன்.

"பந்துன்னா அவனுவ வந்து கடையை அடைப்பானுவ. ஹர்த்தால்னா நாமளே நல்ல மனசோட அடைச்சிரணும். இல்லேன்னா அவனுவ வருவானுவ" என்றார்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்தேன். ஊரே திட்டுகிற ஹர்த்தாலை நான் மட்டும் தீபாவளியைப்போல எதிர்பார்த்திருந்த ஒரு வருடம் உண்டு. அதற்குக் காரணம் என் மூத்த மகள்.

அவளுக்கு அப்போது எட்டு வயது. பேச்சு வரவில்லை. மெடிக்கல் காலேஜில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். நமக்கு பஸ் ஹாரன் காதில் கேட்கும், கேட்டுவிட்டுப் போய்விடும். அவளுக்கு அது உடம்பு முழுக்க அடிக்கும். இதை எனக்குப் புரியவைக்க டாக்டருக்குப் பத்து நிமிஷம் ஆனது. சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க எனக்கு இன்னும் முடியவில்லை. அவர்களுக்கு நோயின் பேர்தான் புதிது, வைத்தியம் எல்லாரிடமும் தயாராக இருந்தது. ஒருவர் வசம்பைத் தேனில் உரைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்று இரண்டு மணி நேரம் விளக்கினார். அவர் போனபிறகு என் மனைவி, "இவருக்கு சின்ன வயசுல ரொம்பத் தடவிட்டாங்க போல" என்றாள்.

பாளையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு டீச்சர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று வாடகை வீட்டில் பள்ளி நடத்தினார். கீழே பள்ளி, மாடியில் அவர் குடியிருப்பு. பாறசாலைக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அங்கே ஓரிடம் காலி இருந்தது. பஸ்ஸில் கூட்டிப்போனோம். கண்டக்டர் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் அலறினாள். ஆட்டோவில் போனோம். பாதி வழியில் டிரைவர், "அண்ணாச்சி, பைசா வேண்டாம், இறங்கினா மதி" என்றார். இறங்கினால் போதுமாம். எப்படிப் போனாலும் பள்ளி வாசலுக்குப் போய்ச்சேரும்போது அவள் அழுது களைத்துத் தரையில் கிடப்பாள்.

"அண்ணா, இப்படித் தளந்து வாற பிள்ளைக்கு நான் என்ன படிப்பிக்க?" என்றார் டீச்சர். "சமாதானமா வாறதுக்கு ஒரு வழி கண்டுபிடியுங்க. ஜூன்ல தொறக்கும்ப பார்ப்போம். அப்பவும் இப்படின்னா காத்திருக்கிற வேற பிள்ளைக்கு இந்த இடத்தைக் குடுக்கணும். எனக்கும் வேற நிவர்த்தி இல்ல."

நகரத்தில் அதைவிட்டால் எங்களுக்கு வேறு பள்ளி கிடையாது.

இதைப் பெற்றோர் சங்கத்தில் சொன்னேன். ஆமாம், சங்கம் இருந்தது. ஆறு குடும்பம். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், துணைச்செயலாளர், பொருளாளர் என்று எல்லாரும் பொறுப்பில் இருந்தார்கள். பொறுப்பு இல்லாதவன் நான் ஒருவன்தான். ஆகையால் தலைவர் பேசும்போது "பொதுமக்களே" என்று என்னைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார். அவர் ஸ்டாச்சு பக்கம் ஒரு பாங்கில் அதிகாரி, மலையாளி, நல்ல மனிதர், கொஞ்சம் நீளமான மனிதர். உயரத்தில் இல்லை, பேச்சில்.

நான் சொன்னதைக் கேட்டதும், பிள்ளைகளுக்கு அரசாங்கம் வண்டி விடவேண்டும் என்று தலைமைச் செயலகத்துக்கு ஜாதா போவதென்று முடிவானது. ஜாதா என்றால் ஊர்வலம். ஆனால் கொடி என்ன நிறம் என்பதில் கூட்டம் நின்றுபோனது. சிவப்பு, பச்சை, காவி, நீலம் எல்லாவற்றையும் ஏற்கெனவே யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை சமாதானம், அதைப் பார்த்து யாரும் பயப்படமாட்டார்கள் என்றார் பொருளாளர். அடுத்த மாதமும் நிறம்தான் பேசினோம். அதற்கடுத்த மாதம் நிறத்துக்கென்று ஒரு துணைக்கமிட்டி அமைத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஹர்த்தால் வந்தது. கடை இல்லாததால் நான் வீட்டில் இருந்தேன். மகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். மெயின் ரோட்டில் ஒரு வண்டி இல்லை. லாட்டரிச் சீட்டு விற்கிற மைக் இல்லை. கோயில் வாசலில் தேங்காய் உடைக்கிற சத்தம்கூட இல்லை. அவள் ரோட்டின் நடுவில் வெள்ளைக் கோட்டின்மேல் நின்று, காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். நான் கூடவே நடந்தேன். ஓவர்பிரிட்ஜ் ஏறினோம், புளிமூடு கடந்தோம். டீச்சர் வீட்டுச் சந்து வரைக்கும் போனோம். ஒரு சொட்டு அழுகை இல்லை. ஹர்த்தால் ஆகையால் கேட் பூட்டியிருந்தது. அவள் கேட்டைத் தொட்டாள். திரும்பி வந்தோம்.

வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஹர்த்தால்தோறும் நடந்து நடந்து வழியைப் பழக்கிவிட்டால், பிறகு சத்தம் இருந்தாலும் நடந்துவிடுவாள் அல்லவா?

அன்றிலிருந்து பேப்பரில் நான் வேறு எதுவும் படிக்கவில்லை. இன்று யாருக்குக் கோபம், நாளை யாருக்கு வரும் என்று மட்டும் பார்ப்பேன். விலை உயர்ந்தால் நல்லது. எங்காவது தடியடி என்றால் ரொம்ப நல்லது. ஒருமுறை ஒரு மாதம் முழுக்க எந்தக் கட்சிக்கும் கோபம் வரவில்லை. நாடு திருந்திவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

"ஊரெல்லாம் பெட்ரோல் விலை ஏறிச்சுன்னு அழுதுட்டுக் கெடக்கு, இவரு மட்டும் பாயசம் வைக்கச் சொல்லுதாரு" என்பாள் மனைவி. "யாராவது கேட்டா அடிதான் விழும், பாத்துக்கிடுங்க."

சாயாக்கடைக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார். "அண்ணாச்சி ஏது பார்ட்டி?"

"யாரு ஹர்த்தால் நடத்துதாங்களோ, அந்தப் பார்ட்டி."

"அப்போ சர்வகட்சி" என்று மரியாதையாக ஒரு வடையைக் கூடுதலாக வைத்தார்.

ஜூன் வந்தது. பள்ளி திறக்கிற திங்கட்கிழமை காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டு, "சமத்தா போய்ட்டு வா மக்ளே" என்று மனைவி அனுப்பினாள். ரோட்டுக்கு வந்தோம். பஸ், ஆட்டோ, ஸ்கூட்டர், லாரி. நான் அவளை ஓரமாக நடத்தினேன். அவள் என் கையை உதறிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு நேராக நடுரோட்டுக்குப் போய் வெள்ளைக் கோட்டில் ஏறி நின்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பழக்கியது ரோட்டில் நடப்பதை இல்லை, நடுரோட்டில் நடப்பதை. ஓரத்தில் நடக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இத்தனை மாதமாக நானும் நடுவில்தானே நடந்தேன்?

இழுத்தேன். அவள் அப்படியே கோட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழி தெரியாமல் என் கறுப்புக் குடையை உயர்த்திப் பிடித்து வண்டிகளை நிறுத்தினேன். அவள் எழுந்து நடந்தாள். நான் குடையோடு கூடவே போனேன்.

இனி ஹாரன் அடிப்பார்கள், இவள் அலறுவாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒருவரும் அடிக்கவில்லை. ஒரு ஆட்டோக்காரர் கையை ஹாரனில் வைத்தார். பின்னாலிருந்த பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "டேய், கறுங்கொடியாடா! கிளாஸ் போகும்!" என்றார். என் குடை அவருக்குக் கறுப்புக் கொடியாகத் தெரிந்திருக்கிறது. ஆட்டோக்காரர் கையை எடுத்துவிட்டார். பிள்ளைகளே, நடுரோட்டில் பயமில்லாமல் ஒருவர் நடந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஜாதா. ஜாதாவைப் பார்த்து ஹாரன் அடித்த வண்டியின் கண்ணாடி முழுசாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. பஸ் டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

ரோடு ஹர்த்தால் போல ஆனது. மகள் காதிலிருந்து கையை எடுத்தாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பத்துப் பதினைந்து பேர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். எங்கே வருகிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன். "ஜாதா அல்லே?" என்றார். என்ன கோரிக்கை என்று அவர் கேட்கவில்லை.

ஸ்டாச்சு அருகே ஒரு போலீஸ்காரர் ஓடிவந்தார். "எந்தா இது? பெர்மிஷன் உண்டோ? எந்தாணு ஆவசியம்?"

கோரிக்கை என்ன என்று கேட்கிறார். "ஒரு சீட் வேணும் சார்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "எலெக்ஷனோ?" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய் எங்களுக்காகப் போக்குவரத்தை நிறுத்த ஆரம்பித்தார்.

அதற்குள் பாங்கு வாசலிலிருந்து எங்கள் தலைவர் பாய்ந்து வந்தார். "அண்ணாச்சி, கமிட்டி அறியாதெ ஜாதாவோ? நேரத்தே சொல்லியிருந்தா ஒரு மாலை வாங்கியிருக்கலாமே!" என்று கோபித்துக்கொண்டே என்னைத் தாண்டி முன்வரிசைக்குப் போனார். கையை உயர்த்தி, நெஞ்சை நிறைத்து மூச்சு இழுத்தார். கோஷம் வரப்போகிறது என்று தெரிந்தது.

"சார், சார், சத்தம் வேண்டாம்! பிள்ளைக்கு ஆவாது!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இழுத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு திரும்பி, கூட்டத்தைப் பார்த்து வாயில் விரல் வைத்து, "மௌன ஜாதா" என்று அறிவித்தார். அவர் வாழ்க்கையில் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான். தலைமைச் செயலகத்தின் முன்னால் எப்போதும் இருக்கிற போராட்டப் பந்தல்களில் ஒன்றில் ஒருவர் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவரும் மைக்கை அணைத்துவிட்டு மரியாதையாக எழுந்து நின்றார். அந்த வாசலில் மைக் அணைந்ததை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

சந்துக்கு வந்தோம். டீச்சர் வீட்டு கேட் அருகே போனோம். மகள் கேட்டைத் தொட்டாள். தொட்டுவிட்டுத் திரும்பி, வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள்.

பின்னால் வந்தவர்கள் சந்து முழுக்க அடைத்துக்கொண்டு நின்றார்கள், அவள் போக வழியில்லை. தலைவர் ஒரு திண்டில் ஏறிப் பேச இடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் அரவம் கேட்டு டீச்சர் வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்தார்.

"அண்ணா, இவ அழல்லியே!"

"அழல்ல டீச்சர். ஆனா உள்ள வரமாட்டா. கேட்டைத் தொட்டாச்சுன்னா அவ கணக்குல ஸ்கூல் முடிஞ்சுது" என்று ஹர்த்தால் கதை முழுவதையும் சொன்னேன். டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "சீட்டை வேற பிள்ளைக்குக் குடுத்திருவீங்களா?" என்று கேட்டேன்.

"சமாதானமா வந்த பிள்ளையை நான் ஏன் விடணும்? ஆனா தெனமும் இப்படி எம்.ஜி. ரோட்டை அடைக்க முடியுமா?" கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யுங்க. வெளுக்கும்ப வாங்க. அந்நேரம் பால் வண்டியும் பேப்பர் வண்டியும்தானே ஓடும். நான் மாடியிலதானே கெடக்கேன், எறங்கி வந்தாப் போதும். கேட்டோட காரியத்தை நான் பாத்துக்கிடுதேன்."

தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு ஆளாயிட்டு தீருமானிக்கக் கூடாது, டீச்சர். கமிட்டி கூடணும்."

"கூடுங்க சார். நாங்க காலைல ஆறு மணிக்கு கூடுவோம்" என்று டீச்சர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. முன்னால் தலைவர், நடுவில் என் குடை, குடைக்குக் கீழே மகளின் பின்னல் மட்டும். விலைவாசி உயர்வைக் கண்டித்து மௌன ஊர்வலம் என்று அடியில் எழுதியிருந்தது. படத்தில் தான் இல்லை என்று செயலாளர் ராஜினாமா செய்து, மூன்று குடும்பங்களோடு வேறு சங்கம் ஆரம்பித்தார். இரண்டு சங்கமும் என்னைப் பொதுமக்களாக இருக்கக் கேட்டன.

அந்தப் பேப்பரை நான் சாயங்காலம்தான் பார்த்தேன். காலையில் நேரமில்லை. இருட்டு விலகும்போதே மகளும் நானும் கிளம்பிவிட்டோம். வெள்ளைக் கோட்டில் அவள், கொஞ்சம் தள்ளி நான். தூரத்தில் விளக்கு தெரிந்தால் குடையை உயர்த்துவேன், வருகிறவர் ஒதுங்கிப் போவார்.

சந்துக்கு வந்தபோது கேட் வழக்கமான இடத்தில் இல்லை. டீச்சர் அதை உள்பக்கமாக முழுக்கத் திறந்து சுவரோடு சாய்த்து வைத்திருந்தார். அதைத் தொடவேண்டும் என்றால் வாசலைத் தாண்டி நாலடி உள்ளே போகவேண்டும். மகள் வாசலில் நின்றாள். கேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் உள்ளே போய்க் கேட்டைத் தொட்டாள்.

இப்போது திரும்புவாள் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கேட்டுக்குப் பக்கத்தில் முற்றத்தில் டீச்சர் வாளித் தண்ணீரில் ஏதோ அலசிக்கொண்டிருந்தார். அவர் இவளைக் கூப்பிடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. மகள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் போய்க் குந்தினாள்.

ரோட்டில் முதல் பஸ் போகிற சத்தம் கேட்டது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. டீச்சர் நிமிராமலே எனக்குப் புறங்கையை ஆட்டி, கடைக்குப் போகும்படி சைகை காட்டினார்.