ஒன்பது அங்குலத்துக்கு அப்பால்

1944-ம் வருஷம் எனக்குக் கிடைத்த பிலிம் சுருள் ஒன்றே ஒன்றுதான். அதில் எட்டுப் படம் எடுக்கலாம். யுத்த காலம், கடையில் பிலிம் கிடையாது. தூத்துக்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சி தமக்கு ஒதுக்கிய பங்கிலிருந்து ஒன்றை எடுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

"எட்டையும் பூச்சிக்கே கொடுத்துறாதேயும் தம்பி" என்றார்.

நான் பூச்சிகளைப் படம் எடுப்பவன் என்பது ஊரில் பலருக்கும் தெரியும். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா வேலை. கப்பல் வந்த தேதி, போன தேதி, இறக்கிய மூட்டை என்று பகலெல்லாம் எழுதுவேன். வீட்டுக்கு வந்தால் புத்தகம். மிஷன் பள்ளி நூலகத்தில் பூச்சிகளைப் பற்றி இருந்த அத்தனையும் படித்தாயிற்று. படித்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததைத் தேதியோடு பதிந்து வைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பழைய மடக்குக் கேமரா ஒன்றை வாங்கினேன்.

அந்தக் கேமரா ஐந்தடிக்குக் கிட்டே வந்த எதையும் தெளிவாகக் காட்டாது. ஐந்தடித் தூரத்தில் வெட்டுக்கிளி ஒரு கீறல் மாதிரிதான் விழும். இதற்கு வழி கிடைத்தது ஒரு முத்து வியாபாரியிடம். முத்துக் குளிப்பு நடந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. முத்துகளைத் துணியில் பரப்பிப் பார்க்கும் பூதக்கண்ணாடி அவர் அலமாரியில் சும்மா கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சரியாக ஒன்பது அங்குலத்தில் காகிதம் புகைந்தது. அப்படியானால் அதைக் கேமராவின் கண்ணுக்கு முன்னால் மாட்டினால், ஒன்பது அங்குலத்தில் இருப்பது தெளிவாக விழும். அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் மங்கிப்போகும். கறுப்புக் காகித அட்டையில் வளையம் செய்து அதை இறுக்கி மாட்டினேன். அதன் பிறகு கழற்றவே இல்லை. கழற்றத் தேவையும் வரவில்லை.

ஒன்பது அங்குலம் என்றால் ஒன்பதுதான். கால் அங்குலம் தவறினாலும் பூச்சியின் கண்ணுக்குப் பதில் முதுகு தெளிவாகும். அதற்காகக் கேமராவில் ஒரு நூல் கட்டி, ஒன்பது அங்குலத்தில் முடிச்சுப் போட்டிருந்தேன். முடிச்சைப் பூச்சியின் கண்ணுக்கு நேரே பிடித்து நூலை விறைப்பாக இழுக்க வேண்டும். பிறகு முடிச்சு விலக வேண்டும், கேமரா விலகக் கூடாது. இதை ஒருவரால் செய்ய முடியாது. செய்தது என் மனைவி.

தெளிவு கொஞ்சமாவது ஆழமாக வேண்டும் என்றால் கேமராவின் துவாரத்தை மிகச் சிறிதாக்க வேண்டும். அப்போது வெளிச்சம் போதாது, ஷட்டர் அரை வினாடியாவது திறந்திருக்க வேண்டும். அரை வினாடி எந்தப் பூச்சி அசையாமல் இருக்கும்? பனிக்காலத்து அதிகாலையில் இருக்கும். இறக்கை நனைந்து, குளிரில் விறைத்து, வெயில் ஏறும் வரை செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே தை, மாசியில் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் இருவரும் பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டைக்குப் போகும் சாலையோரத்து உடைமுள் மரங்களுக்குப் போவோம். அவள் சேலைத் தலைப்பை விரித்துக் காற்றைத் தடுப்பாள். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை நிழல் பக்கம் திருப்பி விடுவாள். பொன்வண்டின் முதுகு வெயிலில் வெறும் வெள்ளைப் பொட்டாகப் பளிச்சிட்டு நுணுக்கத்தை விழுங்கிவிடும் என்பதால், மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடித்து வெளிச்சத்தை வடிகட்டும் உபாயத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். யுத்த காலத்தில் கடலோர ஊரில் கேமராவோடு திரிவது சந்தேகத்துக்கு இடம் தரும் காரியம்.

"என்ன சார், இங்கன என்ன எடுக்கிய?"

"பொன்வண்டு" என்றேன்.

"வண்டா? யாருக்கு அனுப்புததுக்கு?"

நான் பூச்சியியலை விளக்க ஆரம்பித்தேன். அவர் முகம் மேலும் இறுகியது. என் மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "அவுகள ஹார்பர்லயே கொண்டுபோய் விட்டாலும் கப்பல எடுக்க மாட்டாக. அதுல மொய்க்கிற ஈயத்தான் எடுப்பாக."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "பாவம்மா நீங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அவளுக்கென்று ஒரு படம் கிடையாது. 1942 ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்தது. அடுத்தது தூத்துக்குடிதான் என்று பயந்து, ஊரில் பலர் உள்நாட்டுக்குப் போனார்கள். அதற்கு அடுத்த மாதம் அவள் ஊரான நாசரேத்தில் எங்கள் கலியாணம். படம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்தவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். அதனால் கலியாணப் படம் இல்லை. அதற்கு முன்னால் எடுக்கும் வழக்கமும் அவள் வீட்டில் இல்லை.

"வெட்டுக்கிளிக்கு நாலு படம் இருக்கு, வீட்டுக்காரிக்கு ஒண்ணு இல்ல" என்று அவ்வப்போது சொல்வாள். குறையாகச் சொல்ல மாட்டாள், சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அண்ணாச்சி கொடுத்த சுருளில் எட்டாவது அவளுக்கு என்று பேசி முடித்தோம். அவள் எட்டு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகும் நாளில் எடுப்பதாக ஏற்பாடு.

நான் தேதி எழுதாமல் எதையும் விட்டவன் இல்லை. அந்த நாளின் தேதியும் நோட்டில் இருக்கிறது. இங்கே எழுத மனம் வரவில்லை. மாசி மாதம், ஒரு புதன்கிழமை.

ஆறு படம் முடிந்திருந்தது. அன்று காலை அவளே வீட்டுக் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, ஏழாவதுக்கு ஆள் வந்தாச்சு." நந்தியாவட்டைச் செடியில் கும்பிடுபூச்சி ஒன்று பனித்துளிகளோடு நின்றது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து, நூல் முடிச்சை அதன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். எடுத்தேன். பிறகு அவள் உள்ளே போய், தலை சீவி, நீலக்கரைச் சேலை கட்டிக்கொண்டு வந்து சுவர் ஓரமாக நின்றாள்.

நான் நாடாவால் பத்தடி அளந்தேன். கேமராவின் தூர முள்ளைப் பத்தடிக்குத் திருப்பினேன். மனிதர் படத்துக்குத் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டும், பின்னால் இருக்கும் சுவர் மங்கி முகம் எடுத்துக்காட்டும் என்று படித்திருந்தேன். அப்படியே பெரிதாக்கினேன்.

"சிரிக்கவா, வேண்டாமா?"

"எப்படியும் இரு. அசையாதே."

"அசையக் கூடாதுன்னா, போய்ப் பனியில நனைஞ்சுட்டு வரட்டா?"

அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து எடுத்தேன். நோட்டில் எழுதினேன். தேதி, மணி, உயிர், துவாரம், வினாடி, தூரம் என்று ஆறு கட்டம். 'உயிர்' என்ற கட்டத்தில் 'மனைவி' என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து, "கும்பிடுபூச்சிக்குக் கீழயா எனக்கு இடம்?" என்றாள். பதினொரு மணி ரயிலில் அவளை நாசரேத்துக்குக் கொண்டுபோய் விட்டேன்.

சுருளை உடனே கழுவவில்லை. அந்த மாதம் அண்ணாச்சியிடம் கழுவும் மருந்து இல்லை. அவளும், குழந்தை பிறந்து அவள் திரும்பி வந்ததும் சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள்.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அவளுக்கு ஜுரம் கண்டது. ஏழாம் நாள் காலமானாள். தந்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அடக்க ஆராதனை தொடங்கியிருந்தது. பெட்டியைத் திறந்து காட்டினார்கள். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

தூத்துக்குடிக்குத் திரும்பியதும் கேமராவை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினேன். அவள் முகம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்ற ஒரே எண்ணந்தான். அண்ணாச்சி மருந்து சம்பாதித்து வைத்திருந்தார். கழுவி, ஈரச் சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஏழும் பொன்னு தம்பி" என்றார். பிறகு எட்டாவதை நெடுநேரம் பார்த்தார். சுருளை இறக்காமலே கேட்டார்: "அந்த முத்துக் கண்ணாடியக் கழத்தினீரா?"

நான் கேமராவைப் பார்த்தேன். கறுப்பு வளையம் அதன் இடத்தில் இருந்தது.

குறி பார்க்கும் சின்னக் கண்ணாடி கேமராவில் தனியாக, மேலே இருந்தது. அதில் அவள் தெளிவாகத்தான் தெரிந்தாள். கீழே பிலிமில் விழுவது வேறு என்று அது எப்படிச் சொல்லும்? என் நோட்டில் ஆறு கட்டம் இருந்தது, ஆறையும் சரியாக நிரப்பினேன். பூதக்கண்ணாடி மாட்டியிருக்கிறதா என்று கேட்க ஏழாவது கட்டம் இல்லை. எப்போதும் மாட்டியிருப்பதை எதற்கு எழுதுவது?

பிரிண்டில் ஒரு பெண் நிற்பது தெரிந்தது. சேலைக் கரை கலங்கிய கோடாக, ஒரு கை இடுப்பில் வளைந்த நிழலாக. கழுத்துக்கு மேலே விரல் நுனியால் தேய்த்துவிட்டாற்போல் ஒரு வெளிறல். பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூச்சிக்கு வைத்த சிறு துவாரத்தை அப்படியே விட்டிருந்தால், கண்ணாடி மாட்டியிருந்தும், கண்கள் இரண்டு நிழலாகவாவது விழுந்திருக்கும். படித்ததைப் பின்பற்றித் துவாரத்தைப் பெரிதாக்கியதில் அதுவும் போயிற்று.

மற்ற ஏழு படங்களில் ஐந்தில் அவள் விரல்கள் இருக்கின்றன. கிளையை வளைத்துப் பிடித்த கட்டைவிரல், நகத்தின் வெள்ளைப் பிறை, அரிவாள்மணை கீறிய சிறு தழும்பு. நிஜ அளவில் பாதிக்கு, மயிரிழை பிசகாத தெளிவு.

நாற்பது நாள் கழித்து மாமியார் வந்தார்கள். "புதன்கிழம எடுத்த படத்தக் குடுங்க மாப்பிள. எங்கிட்ட அவ படம் ஒண்ணுமில்ல."

"படம் சரியா வரலை" என்றேன். எப்படி என்று கேட்டார்கள். என் வாயிலிருந்து வந்தது இது: "கழுவுறதுல கெட்டுப்போச்சு."

அவர்கள் அதோடு விடவில்லை. நேரே ஸ்டுடியோவுக்கு நடந்தார்கள். நான் பின்னால் போனேன். சுவரில் மாட்டியிருந்த என் பூச்சிப் பிரிண்டுகளைப் பார்த்துவிட்டு அண்ணாச்சியிடம் கேட்டார்கள்: "எம் மகளுக்கு ஒரே ஒரு படம். அதக் கழுவத் தெரியலையா ஒமக்கு?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "மருந்து பழசும்மா. என் கைத் தப்புதான்."

"பூச்சிக்கெல்லாம் மருந்து நல்லா இருந்துச்சோ?"

"சுருள் கடைசியில மட்டும் சில சமயம் அப்படி ஆயிரும்மா."

மாமியார் இன்னும் சொன்னார்கள். தெருவில் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். தம் பங்குப் பிலிமைக் கொடுத்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். நானும் நின்றேன்.

உண்மையைச் சொன்னது அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாசரேத் போனபோது. குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் கோபிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கையை நீட்டினார்கள். பிரிண்டைக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார்கள்.

"நிக்கது அவதான்" என்றார்கள். கொஞ்சம் கழித்து, "இதயே அன்னைக்குக் குடுத்திருந்தா, இத்தன மாசம் இதயாவது பாத்துட்டு இருந்திருப்பேன். அந்த மனுசனையும் வாய்க்கு வந்தபடி பேசியிருக்க மாட்டேன்."

பிரிண்டைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அண்ணாச்சியிடம் போய், சொல்லிவிட்டேன் என்றேன். "சரி" என்றார். அதன் பிறகும் வழியில் பார்த்தால் நலம் விசாரிப்பார். ஸ்டுடியோவுக்குள் வரச் சொல்ல மாட்டார்.

இப்போது 1949. மகள் நாசரேத்தில் மாமியாரிடம் வளர்கிறாள், ஐந்து வயது. சென்ற மாதம் போயிருந்தபோது மடியில் ஏறி உட்கார்ந்து, தன் கன்னத்து மச்சத்தைத் தொட்டுக் காட்டினாள். "அம்மாவுக்கும் இருந்துச்சாமே. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

கண்ணை மூடினேன். மனைவியின் முகத்தை வரவழைக்க முயலும்போதெல்லாம் சில காலமாக அந்தப் படந்தான் வருகிறது. சேலைக் கரை வருகிறது, இடுப்பில் கை வருகிறது, மேலே வெளிறல். மச்சம் இருந்ததே எனக்கு நினைவில்லை.

அடுக்களை வாசலில் நின்ற மாமியாரிடம், எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். "ரெண்டு வருசம் கூட இருந்தியளே மாப்பிள," என்றார்கள், "பாக்கலியா?"

பிறகு குழந்தையை என் மடியிலிருந்து தூக்கி, அதன் இடது கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினார்கள்.