மாத்திரைப் போத்தலில் ஒரு சிவப்புக் கல்

தோட்டத்து டிஸ்பென்சர் வேலை என்பது ஊரார் காய்ச்சலுக்கெல்லாம் மருந்து கொடுத்துவிட்டு, தன் நடுக்கத்துக்கு மட்டும் மருந்து தெரியாமல் முழிக்கிற வேலை. அதிலும் இரத்தினக் கல் சேர்க்கும் பித்துப் பிடித்த டிஸ்பென்சர் என்றால் கேட்கவே வேண்டாம். என்னைப் போல் நாலு கல்லைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால்கூடத் திடுக்கிடுகிற அன்பர்கள் யாராவது இருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்தான். கஹவத்தைக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்தில் மருந்துச்சாலை என் பொறுப்பு. அந்தப் பக்கத்து மண்ணில் தண்ணீர் ஓடக் கான் வெட்டினாலே கல் வரும். அதனால் எங்கள் பெரிய துரை ஒரு சட்டம் வைத்திருந்தார். தோட்டத்து மண்ணில் கிடைக்கிற கல் கம்பெனிக்குச் சொந்தம். அதை எடுத்து வைத்திருக்கிற உத்தியோகத்தனுக்கு அன்றைக்கே வேலையும் இல்லை, குவாட்டர்ஸும் இல்லை. கடையில் வாங்கிய கல் வைத்திருப்பது குற்றமில்லைதான். ஆனால் எந்தக் கல்லிலும் அதன் ஊர்ப் பெயர் எழுதியிருக்காதே!

மழை இருட்டில் போன மடமை

முதல் கல் வாங்க நான் இரத்தினபுரிக் கடைவீதிக்குப் போனது ஒரு பின்னேரம். வானம் கறுத்துக்கொண்டு நின்றது. கல் வியாபாரி காசிம் நானா பாயில் உட்காரச் சொன்னார், தேத்தண்ணி கொடுத்தார், மழையைப் பற்றியும் ஆற்று வெள்ளத்தைப் பற்றியும் பேசினார். கல்லை மட்டும் காட்டவில்லை. என்னைப் பார்த்தால் கல் வாங்குகிறவன் போல் தெரியவில்லையோ என்று எனக்குக் காது சுட்டது. வெட்கத்தை விட்டுக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கல் பார்ப்பது காலை வேலையாம். வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். மழை இருட்டில் வெளிறின கல்லும் நல்ல நிறம் காட்டி ஏமாற்றிவிடுமாம்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் போய் நின்றேன். பாசிப்பயறு அளவில் ஒரு நீலம் வாங்கினேன். கையில் வைத்ததும் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது. துரை கேட்டால் காட்டுவதற்கு ஒரு ரசீது எழுதித் தாருங்கள் என்றேன். நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்லு யாவாரத்துல ரசீதா? நானும் எழுதினதில்ல ஐயா, எங்கட வாப்பாவும் எழுதினதில்ல."

காயத்துக்கு வந்த காணிக்கை

டிஸ்பென்சருக்குக் கல் ஆசை என்று தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் எப்படியோ தெரிந்துவிட்டது. கான் வெட்டுகிற வீராசாமி காலில் மண்வெட்டி பட்டு வந்தான். காயத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது வேட்டி முடிச்சை அவிழ்த்து, ஈரம் காயாத ஒரு கூழாங்கல்லை மேசையில் வைத்தான். ஓரத்தில் லேசாக நீலம் ஓடியிருந்தது.

பாம்பைக் கண்டவன் போல நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அந்தக் கல்லை ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க என் கை எப்படித் துடித்தது என்பது கல் சேர்க்கிற உங்களுக்குத் தெரியும். தொடவில்லை. எடுத்த இடத்திலேயே போட்டுவிடு, இல்லாவிட்டால் உனக்கும் வேலை போகும் எனக்கும் போகும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவன் முகம் வாடிப்போயிற்று. கல் வேண்டாம் என்றால் மருந்தும் இல்லையோ என்று நினைத்தான் போலும். மிச்ச மருந்தையும் வைத்து நன்றாகவே கட்டிவிட்டேன். வாசல் வரைக்கும் நொண்டிப் போனவன் திரும்பி நின்றான். "கல்லு குடுத்தாத்தான் டாக்டரய்யா சீம மருந்து போடுவாருன்னு லயத்துல பேசிக்கிறாங்களே, அது பொய்யிங்களா?"

துரைக்கு வந்த தலையிடி

அந்தப் பேச்சைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. லயத்தில் பேசுகிறது பங்களாவுக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகும்? கல்லுகள் வீட்டில் இருக்கவே கூடாது என்று மனைவி பிடிவாதமாக நின்றாள். அதற்குள் என்னிடம் நீலம், புஷ்பராகம், தோரமல்லி என்று ஒரு சிறங்கை சேர்ந்திருந்தது. எல்லாம் நானாவிடம் வாங்கியவை. ஒன்றே ஒன்று வேறு. பெல்மதுளை பஸ்ஸில் யாரோ ஒரு ஆளிடம் வாங்கிய சிவப்புக் கல் அது. மாணிக்கம் என்று நம்பியிருந்தேன். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நானாவிடம் காட்டவே இல்லை.

எல்லாவற்றையும் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரையின் வெறும் போத்தல் ஒன்றில் போட்டு, மருந்துச்சாலை மேல்தட்டில் பூச்சி மருந்துக்குப் பின்னால் வைத்தேன். அங்கே என்னைத் தவிர யார் கை வைக்கப் போகிறார்கள் என்ற தைரியம். அந்த வாரமே பெரிய துரை தலையிடியும் குளிருமாக மருந்துச்சாலைக்குள் வந்தார். நான் அலுமாரியைத் திறக்கிறதற்குள், ஆறடி மனிதர், மேல்தட்டிலிருந்து கொயினாப் போத்தலைத் தானே எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தார். துரை கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். "டிஸ்பென்சர், இது எந்தக் காய்ச்சலுக்கு மருந்து?"

பங்களா வராந்தாவில்

எல்லாம் கடையில் வாங்கியவை என்று தடுமாறிச் சொன்னேன். துரை நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. போத்தலைக் கொண்டுபோய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை துரைசாணிக்குக் கல் காட்ட காசிம் நானா பங்களாவுக்கு வருகிறார், அவரே சொல்லட்டும் என்றார். அதற்குள் மனைவி சட்டி பானையைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள்.

ஞாயிறு காலை நானா வெயிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்து, "இது நான் குடுத்தது, இதும் நான் குடுத்தது" என்று ஒதுக்கிக்கொண்டே வந்தார். சிவப்புக் கல்லில் கை நின்றது. என்னை ஒரு தரம் பார்த்தார். "இது நான் குடுக்கல்ல தொரை."

"அப்போ நம்ம கான் கல்" என்றார் துரை. பஸ்ஸில் வாங்கினேன் என்றேன். அது என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. நானா பூதக்கண்ணாடியை எடுத்துக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாணிக்கமாக இருக்க வேண்டும் என்று அதுவரை கும்பிட்ட அதே முருகனை, ஐயோ அது மாணிக்கமாக இருக்கவே கூடாது என்று கும்பிட்டேன்.

"உள்ளுக்குக் கோடெல்லாம் வளைஞ்சு ஓடுது தொரை. மண்ணுல வெளஞ்ச கல்லுல இப்புடி ஓடாது. இது சீமையில உலையில காய்ச்சின கல்லு. ஒங்கட கான்ல மட்டுமில்ல, இலங்கையில எங்க தோண்டினாலும் இது வராது."

துரை கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன், சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துரைசாணி உள்ளேயிருந்து வந்து அவரும் சிரித்தார். போத்தல் என் கைக்கு வந்தது. கால் தரையில் படாமல் வீட்டுக்கு ஓடி வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை, அழவுமில்லை. சாக்கு முடிச்சை என் பக்கம் தள்ளினாள். "கள்ளன் எண்ட பேர் வராமல் மடையன் எண்ட பேரோடை தப்பியிட்டியள், இதை அவிட்டுச் சட்டியை எடுத்துத் தாங்கோ, உலை வைக்கவேணும்."

கல் சேர்க்கத் தொடங்குகிற எல்லாரும் போலிக் கல் வந்து சேர்ந்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறார்கள். எனக்கு வந்த அந்தச் சிவப்புக் கல் மட்டும் அசலாக இருந்திருந்தால், இதை உட்கார்ந்து எழுத ஒரு மேசைகூட எனக்கு மிஞ்சியிருக்காது.