வேதத்தில் உள்ள வார்த்தைதான்

தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்து, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் மகனிடம் வந்தேன். மகனும் மருமகளும் காலையில் கம்பெனிக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். அதுவரை பேச ஆள் கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் பக்கத்து வீட்டு மலையாள டீச்சர் வீட்டில் வேதம் வாசிப்போம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுவதும் இருந்தேன்.

டீச்சரும் அவர் தங்கையும் மலையாளத்தில், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் இந்தியில், நான் தமிழில். ஒரே பகுதியை அவரவர் பாஷையில் வாசித்து, எங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வோம் என்று பேசிக்கொள்வோம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரப் பகுதியை வீட்டில் விரல் வைத்துக் கூட்டி மனப்பாடம் செய்வேன். சனிக்கிழமை புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் சொல்லிவிடுவேன்.

"அம்மச்சி எத்ர நல்லா வாயிக்கிறாங்க" என்பார் டீச்சர்.

ஒரு நாள், இயேசுவின் பாதத்தைக் கண்ணீரால் நனைத்துத் தன் கூந்தலால் துடைத்த பெண்ணின் பகுதி. எங்கள் தமிழ் வேதத்தில் கூந்தல் என்று இல்லை, தலைமயிர் என்றுதான் இருக்கிறது. சிறு வயதிலிருந்து சர்ச்சில் கேட்ட வார்த்தை. சொன்னேன். தங்கை ஷாலால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அம்மச்சி, அது சண்டையில சொல்லுற சீத்த வாக்கல்லே?"

"தெருவுல சொன்னாத்தான் வசவு, பிள்ள. வேதத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"ஞான் நம்பமாட்டேன். எவிட? காட்டு, பாக்கட்டே."

பக்கம் சரியான பக்கம்தான். வரி தெரியவில்லை. என் விரல் மேலே போனது, கீழே வந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டத் தொடங்கினேன். சிரிப்பு நின்றது. ஜார்க்கண்ட் பெண் மட்டும் ஒன்றும் புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"சாரமில்ல அம்மச்சி" என்றார் டீச்சர் மெதுவாக. "இனி கேட்டா மதி."

பரவாயில்லை, இனிமேல் வாசிக்க வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்கிறார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து தேடினேன். அந்த வார்த்தை இடது பக்கம் நாலாவது வரியில் இருந்தது. காட்ட வீட்டில் ஒருவரும் இல்லை.

இப்போதும் சனிக்கிழமை போகிறேன். தங்கை வாசித்து முடித்ததும் முறை ஜார்க்கண்ட் பெண்ணுக்குப் போய்விடுகிறது. நானும் வாசிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் டீச்சர் எனக்கும் முறை விடுவார். நான் கேட்கவில்லை.