பின்பக்கம் மூடியது

நீராடி, நீறணிந்து, கதிரையில் அமர்ந்து, கைபேசியில் பதிகம் ஒன்றைப் பண்ணோடு முழுதாகக் கேட்ட பின்பே என் காலை தொடங்கும். குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும் மனைவியும் கேட்பாள். சென்ற மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, நோய் உட்காதில் இறங்கியது. காய்ச்சல் நீங்கியது, காது பழையபடி ஆகவில்லை. செவி மந்தமாகவில்லை, கூர்மை மிகுந்துவிட்டது. கரண்டி ஒன்று விழுந்தாலே நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால், லிங்கநகரில் எங்கள் வீட்டுக் கட்டிலில் சுருண்டு படுப்பாள்.

ஒருநாள் பதிகத்தின் இரண்டாம் பாட்டிலேயே அறைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ, அந்தச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ. கண்ணெண்டால் மூடலாம். காதை என்ன செய்யிறது?”

சத்தம் என்றாள். மணமான நாள்முதல் அவள் அதைப் பதிகம் என்றன்றி வேறு சொல்லால் குறித்ததில்லை. நோயின் ஆழம் எனக்கு அந்தச் சொல்லில்தான் விளங்கியது. மெல்ல மெல்லக் குறையும் என்றார் மருத்துவர். இனிப் பாட்டு என்பதே அவளுக்கு இல்லையோ, கோயிலில் மேளம் முழங்கும் வேளையில் இனி நான் தனியாகத்தான் நிற்க வேண்டுமோ என்ற அச்சம் என்னைப் பற்றிக்கொண்டது. அதை அவளிடம் சொல்லவில்லை. அன்றுமுதல் பதிகத்தை வாயசையாமல் வாசித்தேன். அது கண்ணோடு நின்றது. நெஞ்சில் இறங்க மறுத்தது.

துறைமுக அலுவலகத்தில் என்னோடு பணிசெய்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் குறிஞ்சாக்கேணியில் இருக்கிறார். அவரே வழி சொன்னார்.

“ஹெட்போன் ஒண்டு வாங்குங்க மச்சான். உங்கட சாமிப் பாட்டு உங்கட காதுக்குள்ள மட்டும் கிடக்கட்டும்.”

இருவருமாக நகரத்துக் கடையொன்றுக்குப் போனோம். எங்கள் நகரத் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று வாசலில் கடதாசிப் பெட்டியை மென்றுகொண்டு நின்றது. கடைக்காரர் முதலில் பளபளப்பான ஒன்றை எடுத்து நீட்டினார்.

“ஐயா, இதில பேஸ் நல்லா அடிக்கும்.”

“அடி வாங்கவோ நான் வந்தனான்?”

ஆயினும் என் பதிகத்தை அதில் போட்டுப் பார்த்தேன். மிருதங்கத்தின் இடப்பக்க முழக்கம் வீங்கி, பாடுபவரின் சொல்லை விழுங்கியது. அந்தப் பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர்.

“தொப்பி மிஞ்சிக் கேக்குது” என்றேன்.

நண்பர் தம் தலையைத் தொட்டுப் பார்த்தார். “என்ட தொப்பி சும்மாதானே இரிக்கி!”

அடுத்து வந்தது பின்பக்கம் திறந்த வகை. காதுக்கிண்ணத்தின் வெளிப்புறத்தில் உறைக்குப் பதிலாகக் கம்பிவலை. தம்புராவின் நாதம் என்னைச் சூழ்ந்து பரவ, குரல் கருவறையின் தூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது. பிரிந்த ஒருவரை எதிர்பாராமல் கண்டதுபோல இருந்தது. நான் கண்மூடியிருக்க, நண்பர் என் தோளைத் தட்டினார்.

“எனக்கும் கேக்குது மச்சான். புண்ணியத்தில பாதி எனக்கும் வருமா?”

திறந்த வகை அப்படித்தான், உள்ளே ஒலிப்பதை வெளியிலும் விடும் என்றார் கடைக்காரர். அதைக் கழற்றி வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் கேட்கக்கூடாத செவி ஒன்று வீட்டில் இருந்தது. கழற்றி வைத்தேன்.

பின்பக்கம் மூடிய வகையில் மூன்றை எடுத்துத் தரச் சொன்னேன். அவற்றை நான் அணியவில்லை. ஒவ்வொன்றாக நண்பரின் தலையில் மாட்டி, நான் கேட்கும் அளவிலேயே பதிகத்தை ஓடவிட்டு, வெளியே கேட்கிறதா என்று கைக்கெட்டும் தூரத்தில் தலைகுனிந்து நின்றேன். முதலாவதில் ஒலி நூலாகக் கசிந்தது. நண்பரின் தலைத்தொப்பி விளிம்பும் மூக்குக்கண்ணாடிக் காம்பும் இடைவெளி விடுகின்றன என்றார் கடைக்காரர். நண்பர் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றி என் கையில் தந்தார். அப்போதும் கசிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. நண்பரோ கண்மூடி, விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஆர் மச்சான் இது? நல்லாப் பாடுறாரு!” என்று கடை முழுதும் கேட்கக் கத்தினார்.

அதன்பின் நான் அணிந்து பார்த்தேன். திறந்த வகையின் விரிவு இதில் இல்லை; குரல் சிறிய அறைக்குள் வந்து அமர்ந்துவிட்டது. ஆனால் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. காதணை துணியாலானது, நம் வெயிலுக்குத் தோலணை வியர்க்கும். அதையே வாங்கினேன்.

மறுநாட் காலை, பல மாதங்களுக்குப் பின், பதிகம் என்னுள் இறங்கியது. கண்மூடிக் கேட்டு முடித்தேன். பதிகத்தின் முதலிலும் முடிவிலும் “திருச்சிற்றம்பலம்” என்று வாய்விட்டுச் சொல்வதும், அருகில் இருப்போர் அதைத் திருப்பிச் சொல்வதும் எங்கள் வழக்கம். பழகிய வாய் அதை நானறியாமலே சொல்லிவிட்டது. கண்ணைத் திறந்தேன். அறைவாசலில் நிலையைப் பிடித்தபடி மனைவி நின்றாள். அவள் உதடுகள் அசைந்தன. பதறிக் கருவியைக் கழற்றினேன்.

“சத்தம் போட்டிட்டனோ?”

“சத்தமோ? முதல் பாட்டிலயிருந்து பாடிக்கொண்டெல்லோ இருக்கிறியள்!”

“நானோ?”

“வேற ஆர்? துடையில தாளம் வேற.”

காதை இறுக மூடிப் பாட்டு நிறைந்திருந்ததால் என் குரல் எனக்கே எட்டவில்லை. கடையில் நண்பர் கத்தியதைக் கண்டும் எனக்கு அது உறைக்கவில்லை.

“தலை நோகுதோ?” என்று தயங்கிக் கேட்டேன்.

அவள் தன் தலைக்குள் எதையோ தேடுபவள்போல் நின்றாள்.

“இல்லை” என்றாள், தானே வியந்து. “நீங்கள் முடிக்க நானும் திருச்சிற்றம்பலம் சொன்னனான். உங்களுக்குத்தான் கேக்கேல்லை.”

வந்து எதிர்க் கதிரையில் அமர்ந்தாள்.

“ஆறாம் பாட்டில ஒரு அடியை விழுங்கிப்போட்டியள். அதைக் கழட்டி வைச்சிட்டு ஒழுங்காப் பாடுங்கோ. மெதுவா.”

ஆறாம் பாட்டைத் தாழ்ந்த குரலில், அடி பிசகாமல் பாடினேன். அவள் கண்ணிமைக்காமல் கேட்டாள். ஏழாம் பாட்டை எடுத்தபோது கையை உயர்த்தினாள்.

“இண்டைக்கு இவ்வளவும் காணும். இனி ஏலாது.”

நிறுத்தினேன். அடுத்த நாள் இரண்டு பாட்டுக் கேட்டாள். இப்போது ஐந்து வரை தாங்குகிறது. எஞ்சியவற்றை வாயை இறுக மூடிக்கொண்டு கருவியில் கேட்கிறேன். மேளத்துக்கு இன்னும் காலம் வேண்டும். பூசை முடிந்து, மேளம் ஓய்ந்து, கூட்டம் கலைந்த பின் கோயிலுக்குப் போகிறோம். வெளிவீதியை இருவரும் ஒன்றாகவே சுற்றுகிறோம்.