பொட்டி வந்துச்சா?

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பேய் என்றால் வெள்ளைப் புடவை, கொலுசு, புளியமரம், நடுராத்திரி என்று நினைத்துக்கொண்டிருக்கும் மேதாவிகளுக்கு இது சரிப்படாது. என்னிடம் வந்தவன் பட்டப்பகலில் வந்தான். அடையாறில், வாசலில் ஜூஸ் கடை மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது வந்தான்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பெட்டிகளைக் கப்பலிலிருந்து எடுத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். ஆள் ஐந்து மணி நேரத்தில் பறந்து வந்துவிடுவான். அவன் பெட்டி ஆடி அசைந்து வர ஒன்றரை மாதம் ஆகும். அப்படி என்னதான் வருகிறது? பால் பவுடர், கோடாலித் தைலம், சோப்பு, அப்புறம் புலிப் படம் போட்ட கம்பளி. வெயிலில் வெந்து சாகிற சென்னைக்குக் கம்பளி! இந்த அற்பத்துக்கு ஓயாமல் போன் வேறு. எனக்கு அந்த ஜனங்கள் என்றாலே இளக்காரம்தான், மறைப்பானேன்.

அந்த மே மாதம் பட்டினப்பாக்கத்திலிருந்து லூர்துமேரி என்ற மீன்காரம்மா திங்கட்கிழமை தொடங்கி விடாமல் போன் செய்தாள். மகன் ஜாக்சன் குவைத்தில் இருந்தான். அவன் பெட்டிகள் எப்போதும் எங்கள் வழியாகத்தான் வரும்.

"சார், எம்புள்ள பொட்டி வந்துச்சா?"

கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஜாக்சன் பெயரில் ஒரு பெட்டி கப்பலில் வந்துகொண்டிருந்தது. இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றேன்.

"கப்பல்லயா? அத்தினி நாளு தாங்குமா சார்?"

"டேப்பு நல்லா சுத்தியிருந்தா தாங்கும்."

அழுதாள். பால் பவுடருக்கு அழுகிறாள் பார் என்று ஆபீஸ் பெண் மேகலாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம், மணி ஒன்று பத்து. மேகலா சாப்பிடப் போயிருந்தாள். ஏசி கெட்டுப்போய் இரண்டு நாளாகியிருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. போனிலிருந்து தலையைத் தூக்கினேன். எதிரே ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். எங்கள் கதவைத் திறந்தால் 'க்ரீச்' என்று கத்தும். கத்தவில்லை.

நீல நிற வேலைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். மணிக்கட்டில் ஒரு ஏர்போர்ட் சீட்டு, நூலால் கட்டியிருந்தது. பையில் ஒட்டிய சீட்டைப் பந்தாவுக்காக வருஷக்கணக்கில் கிழிக்காமல் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கையிலேயே கட்டிக்கொண்டு திரிந்த பிரகஸ்பதி இவன் ஒருத்தன்தான்.

தன் பெட்டி வந்துவிட்டதா என்று கேட்டான். பெயர் கேட்டேன். ஜாக்சன் என்றான். அம்மாவின் தொல்லை போதாது என்று மகனே வந்துவிட்டான். எப்போது, எதில் வந்தாய் என்றேன்.

"பிளைட்டுலதான் சார். படுத்துக்கினே வந்தேன்."

"பெரிய ஆளுதான்."

அவன் சிரிக்கவில்லை. மேஜைக் கண்ணாடிமேல் கையை ஊன்றினான்.

"குளிருது சார். பொட்டில கம்பளி கீது. அத்த மட்டும் குடு."

மே மாதத்தில் குளிராம்! எரிச்சலோடு குனிந்து லூர்துமேரியின் நம்பரைத் தட்டினேன். உன் பிள்ளையே இங்கே வந்து நிற்கிறான், இனிமேல் எனக்குப் போன் செய்யாதே என்று கத்தினேன்.

மறுமுனையில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம்...

"அவன் போன வாரமே செத்துட்டான் சார். அவனப் போட்ட பொட்டியத்தான் கேட்டுக்கினு கீறேன்."

நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை.

கதவு கத்தவில்லை...

மேஜைக் கண்ணாடி வியர்த்திருந்தது. ஐந்து விரல்கள்.

சொட்... சொட்...

தண்ணீர் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

ஏர்போர்ட் சரக்குப் பிரிவில் எனக்குத் தெரிந்தவர் ஷாஹுல் ஹமீது. அவருக்குப் போன் போட்டேன். சவப்பெட்டி திங்கட்கிழமையே வந்துவிட்டதாம். குளிர் அறையில் கிடக்கிறது, கேட்டு யாரும் வரவில்லை என்றார். பெட்டியை ஏற்றியாயிற்று என்று ஜாக்சனின் குவைத் கம்பெனிக்காரன் சொன்னதும், பெட்டி விஷயமாகத் தனக்குத் தெரிந்த ஒரே நம்பருக்கு லூர்துமேரி போன் செய்திருக்கிறாள். நான் கப்பல் என்றதும் நான்கு நாளும் கடற்கரையில் உட்கார்ந்து, தூரத்தில் நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அன்றைக்குக் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை அவளோடு போய் எடுத்து வந்தோம். பட்டினப்பாக்கத்தில் முகம் பார்க்க மூடியைத் திறந்தார்கள். கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தது. புலிப் படம் போட்டது. கம்பெனிக்காரன் பரவாயில்லை, மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கப்பல் வந்தது. ஜாக்சன் உயிரோடு இருந்தபோது அனுப்பிய பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். டேப் பிரியவில்லை. சீல் உடையவில்லை. என் கண் முன்னால்தான் லூர்துமேரி மீன் வெட்டும் கத்தியால் கிழித்துத் திறந்தாள்.

பால் பவுடர் இருந்தது. தைலம் இருந்தது. சோப்பு இருந்தது.

கம்பளியின் பிளாஸ்டிக் உறையும் இருந்தது. மேலே புலிப் படம் போட்ட அட்டை. ஜிப் முழுசாக மூடியிருந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை...

உறையின் உள்பக்கம் மட்டும் வியர்த்திருந்தது.